மூன்றாவது முறையும் அதே விரிசல்

அவளுக்கு மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. கையுறை முழுக்க ஃபைபர் தூள். தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு முள் தைத்த மாதிரி இம்சை. மூக்கைத் தோளில் தேய்த்துவிட்டு, தேய்க்கும் மெஷினை மறுபடி படகின் முன்பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி இந்தப் படகைத் துறையில் கட்டும்போது லேசாக இடித்துவிட்டான். அன்று சாயங்காலமே அவள் கணவர் முன்பக்கத்தில் விரிசலைப் பார்த்துவிட்டார். "இனிமே உன் தம்பி இதுல கால் வைக்கக் கூடாது" என்றார். தம்பியும் ரோஷக்காரன், வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். கணவர் வெள்ளைப் பூச்சை அப்பி விரிசலை மூடுவார். சில மாதத்தில் அதே இடத்தில் கோடுகள் எட்டிப் பார்க்கும், இதோடு மூன்று தடவை ஆயிற்று. "பாத்தியா உன் தம்பி கைங்கரியத்தை?" என்று ஆரம்பிப்பார்.

தம்பிக்கு இப்போது வெளிநாட்டில் மூன்று வருஷ வேலை, புதன்கிழமை கிளம்புகிறான். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒருதரம் ஒன்றாகப் படகில் போய்வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விரிசல் ஒழிந்தால் சண்டையும் ஒழியும் என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்கு வந்திருந்தாள்.

படகின் உடம்பு இரண்டு அடுக்கு. வெளியே பளபளக்கும் வெள்ளைத் தோல்தான் ஜெல்கோட். நகத்தை விடச் சற்றே தடிமன், ஆனால் வளையத் தெரியாது. அதற்குப் பின்னால் கண்ணாடி இழைத் துணியும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்து இறுகிய சுவர். அது கொஞ்சம் வளைந்து நிமிரும். சுவர் நொந்து போயிருக்கும்போது தோலை மட்டும் பூசினால், சுவர் அசைகிற ஒவ்வொரு தடவையும் தோல் வெடிக்கும். கணவர் செய்துகொண்டிருந்தது அதுதான். அவள் அந்த இடத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, இழை தெரியும்வரை போய்விட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகு விட்டுப்போயிற்று.

மேலே படகுக்குள் கணவர் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியலையா? நானா இருந்தா பத்து நிமிஷம்!"

"ஆமா, பத்து நிமிஷ வேலைதான் ரெண்டு வருஷமா பல்லிளிக்குது!"

"இடிச்சவனைக் கேளு!"

அவள் வெட்டி வைத்த இழைத்துணி வட்டங்களை வரிசைப்படுத்தி, கோப்பையில் ரெசினை ஊற்றி, அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிவிட்டுக் கலக்கினாள். கலந்துவிட்டால் பன்னிரண்டு நிமிஷம்தான். பிறகு அது யார் பேச்சையும் கேட்காது.

தூள் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேய்த்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

டங்!

உள்ளங்கையில் யாரோ குத்தியது போலிருந்தது. சரியாகப் பள்ளத்தின் நடுவில்.

"என்னங்க அது?"

"நங்கூரம். முன்பக்கப் பெட்டில போட்டேன்."

"எப்பவும் இப்படித்தான் போடுவீங்களா?"

"பின்ன, தாலாட்டுப் பாடிப் படுக்க வைக்கணுமா?"

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். நங்கூரத்தை நகர்த்தி, பெட்டியின் அடியில் வெளிச்சம் அடித்தாள்; படகின் சுவர்தான் பெட்டிக்கு அடிப்பக்கம். அடிபடாத இழைச் சுவர் தேன் நிறத்தில் இருக்கும், உள்ளே நொறுங்கினால் பாலாக வெளுத்துவிடும். நங்கூரத்தின் முனை படும் இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. ஒரு தடவை விழுந்த அடியில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏகப்பட்ட அடி.

தேய்ப்பதற்கு முன்னால் எடுத்த படத்தை ஃபோனில் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கோடெல்லாம் ஒரு புள்ளியிலேர்ந்து நட்சத்திரமா விரிஞ்சிருக்கு பாருங்க. வெளியே மோதியிருந்தா வளையம் வளையமா இருக்கும், இல்லேன்னா சிராய்ப்பாவது இருக்கும். பின்னாலேர்ந்து குத்தினாத்தான் தோல் இப்படிப் பிளக்கும். இது உள்ளேர்ந்து விழுந்த அடி."

அவர் டார்ச்சை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுடலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரப்பரா? ரெண்டு வருஷம் என் தம்பியைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டு, ரப்பரா?"

"இப்ப அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"ஃபோன் பண்ணுங்க. நீங்க பேசுற வரைக்கும் ஒரு துணிகூட ஒட்ட மாட்டேன்."

"ரெசின் இறுகிடும்டி."

"இறுகட்டும்."

கீழே இறங்கி, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அவர் ஃபோனை எடுத்தார், பாக்கெட்டில் போட்டார், மறுபடி எடுத்தார். குச்சியை விட்டுப் பார்த்தாள். கூழாகத் திரண்டிருந்தது.

"ஹலோ... மச்சான், நான்தான். சாப்டியா?"

ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வறண்டு வந்தது. "என்ன மாமா, அதிசயமா?"

"ஒண்ணுமில்ல. படகுல வேலை நடக்குது. அந்த விரிசல் இருக்குல்ல... அது உள்ளேர்ந்து வந்திருக்குடா. நங்கூரம் விழுந்து."

"நங்கூரம் தானா எகிறிக் குதிச்சுதா மாமா?"

கணவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான்தான் போட்டேன். ரெண்டு வருஷமா நான்தான் போட்டுட்டிருக்கேன்."

"ஓ."

"ஞாயித்துக்கிழமை வரியா?"

"இருங்க மாமா, ரெண்டு வருஷம் திட்டு வாங்கினவன். அஞ்சு நிமிஷமாவது நான் திட்டிக்கிறேன்."

"திட்டு" என்றார் அவர், படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு.

தம்பி திட்டத் தொடங்கினான். கோப்பைக்குள் குச்சி அசையாமல் நின்றுவிட்டது. அவள் அதைக் குச்சியோடு குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கோப்பையில் ரெசினை ஊற்றி, ஹார்ட்னர் சொட்டுகளை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.