காரை இரவல் கொடுத்தால்

"சித்தி, நம்ம காரை யாராவது ஒரு நாள் இரவல் கேட்டா, எல்லாத்தையும் சொல்லிக் குடுக்க அப்பாவும் கூடவே போகணுமா?"

அக்கா மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நல்ல காரை எதுக்கு இரவல் குடுக்கணும்?" என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அவள் சித்தி, அக்காவின் தங்கையான சின்னவளும் அன்று சிரித்ததோடு சரி.

அவளுக்கு வேலை, கார் வைத்திருப்பவர்களிடம் போனில் கருத்துக் கேட்பது. காதில் ஹெட்போன், எதிரே திரை, திரையில் கேள்விகள். "கடந்த ஓராண்டில் உங்கள் வாகனத்தில் ஏதேனும் கோளாறு ஏற்பட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூட அவள் வாய் அதைத்தான் முணுமுணுக்கும் என்று அக்கா கேலி செய்வாள். இந்தப் பதில்களை வைத்துத்தான் எந்தக் கம்பெனியின் கார் நம்பகமானது என்று வருஷா வருஷம் வரிசை போடுவார்கள். ஒரு பெரிய கம்பெனி எப்போதும் முதலிடத்தில் இருந்தது. அத்தான் அந்த வரிசையை நம்பி, அந்தக் கம்பெனியின் காரையே வாங்கினார்.

வாங்கியதிலிருந்து அது ஒவ்வொன்றாகத் தன் குணத்தைக் காட்டியது. பின்கதவை இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும். மழை பெய்தால் ஹாரன் தானாக அடிக்கும். மேடு ஏறும்போது ஏ.சி. போட்டிருந்தால் இன்ஜின் நின்றுவிடும். அத்தானுக்கு இதெல்லாம் அத்துப்படி. கை தானாக ஏ.சி.யை அணைக்கும், இடுப்பு தானாகக் கதவைத் தட்டும்.

ஒரு நாள் கை மறந்துவிட்டது. வெயிலான வெயில். முன்சீட்டில் அக்கா, பின்சீட்டில் குழந்தையும் சின்னவளும். கடைத்தெரு மேட்டில், பாதி ஏறும்போது இன்ஜின் நின்றது. பிரேக் மிதி கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தும் பிடிக்கவில்லை. கைபிரேக்கை இழுத்தும் கார் மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு லாரி. குழந்தை சின்னவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அக்கா முன்பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

மேட்டோரம் பூட்டுக்குச் சாவி செய்து தருபவரின் பெட்டிக்கடை ஒன்று இருந்தது. சாவிக்காரர் எழுந்து ஓடி வந்தார். தான் உட்கார்ந்திருந்த மர ஸ்டூலையே தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தார். மரம் முறிகிற சத்தம் கேட்டது. கார் நின்றது.

"ஸ்டூல்தானே, போனா போகட்டும். குழந்தை நடுங்குது பாருங்க, முதல்ல அதுக்குத் தண்ணி குடுங்க" என்றார் அவர்.

அத்தானுக்கு முகமே வெளிறிப் போயிருந்தது. லாரிக்காரன் வேறு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். எப்படியோ இன்ஜின் உயிர் பெற்றதும், ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவையே தலைமுழுகிவிட்டார். அங்கே போனால், கார் நின்றதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

சின்னவளின் பஸ் அந்த வழியாகத்தான் போகும். சாவிக்காரர் இப்போது ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருப்பது தினமும் அவள் கண்ணில் படும். ஒரு நாள் இறங்கிப் போய், ஸ்டூல் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "அட போம்மா! இதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பாங்க?" என்று சிரித்தே விரட்டிவிட்டார்.

ஒர்க்ஷாப்பில் வேறு கதை நடந்தது. மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓர் இளைஞன் காரில் ஒரு வயரைச் செருகிப் பார்த்தான். "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலையே சார்" என்றான்.

"கம்ப்யூட்டர் மேடு ஏறிச்சா தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல மேடம், இது வேற யாருமே சொல்லாத கம்ப்ளெயின்ட். நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க. ஓனர்ங்ககிட்ட எடுத்த சர்வேயில நாங்கதான் முதலிடம். நாலு பேர் சொன்னாத்தானே கம்பெனி பார்ட்டை மாத்திக் குடுக்கும்?"

அக்கா அங்கேயே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நானும் என் பொண்ணும் இனிமே இந்தக் கார்ல ஏற மாட்டோம். நீங்க அந்த சர்வேயைக் கூட்டிட்டுப் போங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

சொன்னபடியே செய்தாள். மறுநாளிலிருந்து தாயும் மகளும் பஸ்ஸில் போனார்கள். அத்தான் காலிச் சீட்டுகளோடு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். குழந்தை பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக அவருக்குக் கை காட்டும். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சின்னவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

வேற யாருமே சொல்லவில்லையாம்! யாரிடம் சொல்லவில்லை? அவளிடம்தான்.

அவளும் கேட்காமலா இருந்தாள்? அதே காரை வைத்திருந்த ஒரு பெரியவர், "ஒரு குறையும் இல்லம்மா, தங்கமான வண்டி" என்றார். பிறகு, "டிரைவர் கதவை மட்டும் கண்ணாடிய இறக்கி, கைய வெளிய விட்டுத் தொறக்கணும்" என்றார்.

"அதைக் கோளாறுன்னு எழுதிக்கட்டுமா ஐயா?"

"அய்யய்யோ, அது கோளாறு இல்ல. அது பழக்கம்."

இன்னொரு அம்மா, "என் மாமியார்கிட்டகூட நூறு குறை சொல்லுவேன், என் கார்கிட்ட ஒண்ணு சொல்ல முடியாது" என்று போனை வைத்தார். சின்னவள் 'இல்லை' என்ற கட்டத்தை அழுத்தினாள். அழுத்தி அழுத்தி அந்த விரலுக்கே வெறுத்துப் போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் அத்தானின் எண்ணே பட்டியலில் வந்தது. சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்பது விதி. பக்கத்துச் சீட்டுக்காரி பேசினாள். "கோளாறு ஏதாவது உண்டா சார்... ஒண்ணுமே இல்லையா... ரொம்ப சந்தோஷம் சார்." சின்னவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க?"

"எப்படி?"

"காருக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களாமே!"

அத்தான் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார். "யாருன்னே தெரியாத பொண்ணு போன்ல கேட்டா, வீட்டு விஷயத்தை எல்லாம் கொட்டிடுவாங்களா?"

"கார் எப்போ வீட்டு விஷயம் ஆச்சு?"

"நம்ம வீட்டு வாசல்லதானே நிக்குது?"

"அதைத்தானே நானும் சொல்றேன்! எப்பப் பார்த்தாலும் நிக்குது!" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

அன்று படுக்கும் முன் சின்னவள் வழக்கம்போல் கைகூப்பினாள். 'கடவுளே, இந்த ஜனங்களைத் திருத்துன்னு நான் கேக்கல. அவங்க நல்லவங்கதான். நான் கேக்கிற விதத்துலதான் ஏதோ தப்பு இருக்கு. எப்படிக் கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு.' அப்படியே கண்மூடி இருந்தபோது, பல் விழுந்த வாய் ஒன்று கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

கேள்வித் திரையின் கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் 'ஒண்ணுமில்ல' என்று தாண்டிப் போகும் கட்டம். மறுநாள் அதில் அவள் ஒன்றைச் சேர்த்துக் கேட்டாள். "ஐயா, இந்தக் காரை ஒரு நாள் யாருக்காவது இரவல் குடுக்கிறீங்கன்னு வைங்க. அவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புவீங்க?"

மறுமுனையில் இருந்தவர் திருப்பிக் கேட்டார். "யாருக்கு இரவல்?"

"உங்க பொண்ணுக்குன்னு வச்சுக்குங்களேன்."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "என் பொண்ணுக்கா? அப்படின்னா எழுதிக்கோம்மா" என்றார் அவர். "மேட்டுல ஏ.சி.யை அணைச்சுடணும். இல்லேன்னா இன்ஜின் நின்னுடும். அவ தனியா இருந்தா பயந்துடுவா."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் தன் தம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னார், நடுநடுவே "டேய்" என்றுகூட வந்துவிட்டது. தனக்கென்றால் பொறுத்துக்கொள்வதை, தன்னைச் சேர்ந்தவர்களுக்கென்றால் ஒருவரும் மறைக்கவில்லை. சின்னவளுக்குத் தட்டச்சுச் செய்யக் கை போதவில்லை.

மத்தியானம் மேற்பார்வை மேடம் கூப்பிட்டார். அவருக்கு அலுவலகத்தில் 'வரிக்கு வரி' என்று பெயர். திரையில் இருப்பதற்கு மேல் ஒரு சொல் வந்தாலும் அவருக்கு ஆகாது.

"என்ன இது புதுக் கேள்வி? யார் உனக்கு அனுமதி குடுத்தா?"

"கடைசிக் கட்டத்துலதான் மேடம் கேட்டேன். எல்லாரும் அதே கோளாறைச் சொல்றாங்க."

"நீ கேட்டு வரவழைக்கிற. நானும் அதே கார்தான் வச்சிருக்கேன். ஒரு கோளாறும் கிடையாது."

சின்னவளுக்கு அலுப்புத் தலைக்கேறியது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. "சரி மேடம். இன்னைக்கு ஒரு நாள் எனக்கு உங்க காரை இரவல் குடுங்க. குழந்தையைக் கூட்டிட்டுக் கடைத்தெரு மேடு வரைக்கும் போகணும்."

"குழந்தையோடயா? மேடுன்னா நீ ஏ.சி.யை..." என்று ஆரம்பித்த மேடம் வாயை மூடிக்கொண்டார். சற்று நேரம் தன் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டினார். கடைசியில், சின்னவளைப் பார்க்காமலே, "எல்லாருக்கும் சொல்லு. மறுபடி போன் பண்ணி, கடைசிக் கட்டத்துல இதையும் கேக்கட்டும். மேலிடத்துல கேட்டா நான் சொன்னேன்னு இருக்கட்டும்" என்றார்.

பக்கத்துச் சீட்டுக்காரி அத்தானை மறுபடி கூப்பிட்டாள். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஹாரனில் தொடங்கிக் கதவுக்கு வந்து மேட்டில் ஏறினார். "அம்மாடி, உன் அத்தானுக்கு ஒரு காது போதாது" என்று ஹெட்போனை மறுகாதுக்கு மாற்றினாள் அவள்.

அந்தக் கருத்துக் கணிப்பு வெளிவந்தபோது பெரிய கம்பெனி முதலிடத்தில் இல்லை. கொஞ்ச நாளில் கம்பெனியே எல்லாக் கார்களையும் திரும்ப வரவழைத்து, கோளாறான பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதே மடிப்புச் சட்டை இளைஞன், "இது எல்லாக் காருக்கும் இருக்கிறதுதான் சார்" என்றான், கொஞ்சமும் கூசாமல். அக்கா திட்ட வாயெடுத்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

அன்று ஏ.சி. போட்டுக்கொண்டே மேடு ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் அக்கா பெருமூச்சு விட்டாள், குழந்தை கை தட்டியது. சின்னவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சாவிக்காரர் பெயிண்ட் டப்பாவின்மேல் குனிந்து ஏதோ சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போது, முதல் பஸ்ஸில் அவள் ஒரு புது மர ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தெருவில் ஆளில்லை. பெட்டிக்கடை பூட்டியிருந்தது. டப்பாவை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் ஸ்டூலை வைத்தாள். சரிவான தரை. ஸ்டூல் லேசாக ஆடியது. அவள் குந்தி உட்கார்ந்து, ஓரத்தில் கிடந்த ஒரு தட்டைக் கல்லை எடுத்துத் தாழ்ந்த காலுக்கு அடியில் செருகினாள். ஒருமுறை தானே உட்கார்ந்து பார்த்தாள். ஆடவில்லை.

முந்தானையால் அதன் பலகையைத் துடைத்துவிட்டு, "அவர் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்கோ" என்று வானத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள். பிறகு மேட்டில் இறங்கி வேகமாக நடந்தாள்.