கோழிக்குஞ்சு ஏற்றிய லாரி

எங்கள் லாரி பழையது. இருந்தாலும் வழியில் நின்று மானத்தை வாங்கும் ரகம் அல்ல. அன்றும் நம்பித்தான், பொரிந்து ஒருநாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஓட்டுவது என் கணவர். பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது நான். குஞ்சு ஏற்றினால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால்தான் பக்கவாட்டுக் கம்பிவலை வழியாகக் காற்று வரும். நின்றால் உள்ளே அடுப்புதான்.

"குஞ்சு வாடி வந்துச்சுன்னா அடுத்த லோடு வேற வண்டிக்குத்தாம்மா" என்று குஞ்சுகளை வாங்கும் பண்ணைக்காரர் போன தடவையே சொல்லியிருந்தார். எங்களுக்கு நிலையாக இருந்தது அந்த ஒரு லோடுதான்.

மேடு ஏறும்போது இழுவை குறைந்தது. லாரி இரண்டு முறை குலுங்கி நின்றது.

கணவர் முறைப்படிதான் பார்த்தார். முதலில் டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டார். டீசல் நிறையவே இருந்தது. பிறகு டீசல் பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினார். நுரையாக வந்த டீசல் தெளிந்ததும் திருகை இறுக்கினார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"டீசல் பைப்புல ஏர் புடிச்சிருக்கு. எடுத்தாச்சு, இனி ஓடும்" என்றார்.

ஓடியது, கடைவீதி தாண்டும் வரைக்கும். அங்கே மறுபடி அதே குலுக்கல். டீசல் இருப்பதுதான் தெரியுமே என்று இந்த முறை அவர் டாங்கிப் பக்கம் போகவில்லை. நேரே கைப்பம்புக்குப் போனார். அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்தது, டீசல் ஏறவில்லை. நான் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மேல் வரிசைப் பெட்டிகளை இறக்கி ஒரு கடையின் நிழலில் வைத்துவிட்டு, பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

தம்பி புது பில்டரோடு வந்து சேர்ந்தான்.

"என்ன மாமா, மூச்சு வாங்குறது வண்டிக்கா உங்களுக்கா?"

"வாயி அப்புறம். மொதல்ல கைய நீட்டு மாப்ளே."

பில்டரை மாற்றினான். பைப் இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். பம்பை அழுத்தினான். டீசல் வரவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"பம்பு போயிருக்கும்க்கா. கழட்டிக் கொண்டுபோய்த்தான் பாக்கணும். இன்னைக்கு ஆகாது."

மேட்டில் மட்டும் அத்தனை சுலபமாகக் கிளம்பியதே, அங்கே செய்து இங்கே செய்யாதது என்ன என்று வரிசையாக யோசித்தேன்.

"தம்பி, அங்க மாமா டாங்கி மூடியத் தொறந்தாரு. தொறந்தப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம். டயருல காத்து எறங்குதோன்னு சுத்திக்கூடப் பாத்தேன். இங்க அவரு மூடியத் தொடவே இல்ல."

தம்பி போய் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டாங்கி. அதற்கப்புறம் நாலு அழுத்துதான். டீசல் குபுகுபுவென்று வந்தது. இஞ்சினும் பிடித்துக்கொண்டது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர்.

"மாமா, இது யாரு வேலை?"

"நான்தான். வளைவுல மூடி வழியா டீசல் சிந்துச்சு. குஞ்சுக்கு அந்த வாடை ஆகாதுன்னு பழைய டியூப வெட்டி நேத்து வச்சேன்."

"டீசல் கொறையக் கொறைய உள்ள காத்து வரணும் மாமா. அதுக்குன்னு மூடியில இருந்த ஓட்டையையும் சேத்து அடைச்சிட்டீங்க. குஞ்சு மட்டும்தான் மூச்சு விடணுமா? டாங்கி விட வேணாமா?"

கணவர் ரப்பரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். "பெட்டிய ஏத்துங்கடா, பேசிக்கிட்டு!" என்றார். இறக்கியிருந்த பெட்டிகளை மூவருமாக ஏற்றினோம்.

பண்ணை வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. பண்ணைக்காரர் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். சில குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. தண்ணீர்த் தட்டை அருகில் தள்ளினார். ஒன்று அலகை நனைத்தது. அதைப் பார்த்து மற்றவையும் எழுந்து வந்தன. அவர் மூக்கைச் சுளித்தார்.

"டீசல் வாடை அடிக்குதே?"

"அடிக்கும்ங்க" என்றார் கணவர், சட்டைப்பையைத் தடவியபடி. "அது அடிச்சாத்தான் வண்டி வந்து சேரும்."

பண்ணைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடைசிப் பெட்டியையும் மூடினார்.

"சரி. அடுத்த லோடுக்கு வெயிலுக்கு முந்தியே வந்துடுங்க."