என்ன உறவு என்ற கட்டம்

…விதியை எழுதியவளே நான்தான், அப்புறம் யாரைக் குறை சொல்ல, பஸ் பாலக்கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டது, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் லூர்துமேரி டீச்சர் நிற்பார், அதற்குள் மடியில் கிடக்கும் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை, மாதம் ஒரே பிரதி, ஊர் ஊராகச் சுற்றும், எதைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று நானும் டீச்சரும் முறை வைத்துத் தீர்மானிப்போம். வேண்டியவர் விஷயம் வந்தால் ஒதுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும், 'என்ன உறவு' என்ற கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். எவ்வளவு பெருமையாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், எண்பத்து நாலு ஜனவரியில்…

இந்த மாதம் என் முறை, வந்திருப்பது சித்தேரி மாதேஸ்வரன் மேல் மூன்றாவது புகார், மூன்றும் நியாயமென்றால் ஆளை நீக்க வேண்டும். மாரண்டஹள்ளி சென்னப்பனின் கதையை 'தக்காளிக் கூடை, மேலே மட்டும் நல்ல பழம்' என்று விமர்சனம் எழுதிவிட்டார், அப்படி எழுதலாமா, கூடாதுதான், ஆனால் அதைப் பிரதி எடுத்தபோது ஆபீசில் டைப் மெஷின் முன்னால் தனியாகச் சிரித்தவள் யார்? மலைமேல் வாத்தியார், நான் பார்த்ததே இல்லை, உயரமா குள்ளமா தெரியாது, பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார், சாமை அறுப்பு, மழைநாளில் வராத பஸ், அதையெல்லாம் மூன்று வருஷமாக என் கையெழுத்தில் திரும்ப எழுதுகிறேன், அவர் அடித்துவிட்ட சொல் என்னவாக இருக்கும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். எனக்கென்று அவர் எழுதியது 'தொகுப்பாளருக்கு வணக்கம்', அதிலும் பாதி டீச்சருக்கு.

'உறவு இல்லை' என்று எழுதி நானே புகாரைத் தள்ளிவிடலாம், பொய்கூட இல்லையே, டீச்சர் கைக்குப் போனால் நிச்சயம் நீக்கிவிடுவார்… ஆனால் போன வருஷம் டீச்சரின் தம்பி சவுரியப்பன் கதை வந்தபோது 'தம்பி' என்று எழுதி என்னிடம் தந்தார், கதை வேண்டாமென்று தள்ளினேன், முகம் சுளிக்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி என்று எழுத ஒரு நொடி போதும். முப்பத்திரண்டு வயதில் ஒரு கையெழுத்துக்காக ஏங்குகிறேன் என்பதை எப்படி எழுதுவது, ஆமாம், ஏங்குகிறேன், வேறு என்ன சொல்ல. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது, 'உண்டு' என்று மட்டும் எழுதினேன், குலுக்கலில் கோணலாக விழுந்தது.

டீச்சர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா ஹாஜிரா, அவரு உனக்கு என்ன வேணும்?" நான் பேனாவை மூடினேன். "புகாரு நெசந்தானே?" "நெசந்தாங்க டீச்சர்." அவ்வளவுதான், இனி பரீட்சைத் தாள் வராது, பதிவேட்டைப் பையில் வைக்கப் போன டீச்சர் கையை நிறுத்தினார். "நீக்குனா அவருக்குப் போடற லெட்டர்ல இதையும் எழுதணுமில்ல, ஹாஜிரா ஒதுங்கிட்டா, உறவு உண்டுன்னு. எழுதட்டுமா, இல்ல சும்மா வுட்டுடட்டுமா?" வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "எழுதுங்க டீச்சர்" என்று வந்தது, அந்தக் கடிதம் மலையேறும், அவர் பிரிப்பார், யார் இந்த ஹாஜிரா என்று ஒரு நிமிஷமாவது யோசிப்பார்… நேர்மைக்காக ஒதுங்கியதாக அல்லவா வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.