புது சீட்டுப் படகு

அமெரிக்காவின் மிசௌரியில் ஏரிக்கரையை ஒட்டிய தன் வீட்டு வாசலில் டார்லா அந்தச் சின்ன மோட்டார் படகை விற்பனைக்கு நிறுத்தியிருந்தாள். போன வருடம் அவள் கணவன் வேட் வாங்கியது. மலிவு என்றால் அவனுக்குக் கண்மண் தெரியாது. வாங்கும் முன்பு டார்லாவின் அண்ணன் கிளின்ட், படகு ரிப்பேர் செய்பவன், இன்ஜினைத் தாங்கும் பின்பலகையைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்க வேண்டியது பொத்பொத்தென்றது. உள்ளே மரம் அழுகிப்போயிருந்தது.

"வேண்டாம் மாப்ள."

"பயந்தாங்கொள்ளி மச்சான் நீ! இந்த விலைக்கு எவன் குடுப்பான்? சீட்டெல்லாம் புதுசு, பாரு!" என்று வேட் சிரித்தான்.

அந்தக் கோடையிலேயே நடு ஏரியில் பலகை பிளந்தது. இன்ஜின் கழன்று தொங்க, தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. அவனைப் பிணமாகத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது டார்லா அதே படகின் பிளவைப் பூசி மறைத்து, பளபளவென்று வெள்ளை பெயின்ட் அடிக்க வைத்திருந்தாள். சீட்டுக்கும் புது உறை. படகு பார்க்க ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி.

"உங்களுக்குப் படகு அத்துப்படியாமே, நீங்க சொல்லுங்க சார்," என்று அவள் கணவன், பக்கத்தில் சுத்தியலோடு நின்ற கிளின்டிடம் கேட்டான்.

டார்லா முந்திக்கொண்டாள். "சீட்டெல்லாம் புதுசு."

இந்தத் தடவை கிளின்ட் தட்டிப் பார்க்கவில்லை. சுத்தியலை ஓங்கி ஒரே போடு போட்டான். பலகை பொத்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. வந்தவர்கள் காரில் ஏறிப் போனார்கள்.

டார்லா கத்தித் தீர்ப்பாள் என்று கிளின்ட் நினைத்தான். அவளோ அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே இப்படி ஒரு போடு போட்டிருக்கலாமேண்ணா."