முப்பத்தேழு

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியின் திருகில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை ரிஹானா நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று சுற்று சுற்றி இறுக்கி ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டு முற்றத்தில், ஆண்கள் அவளுடைய அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மில்லுக்குள் நன்றாகவே கேட்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

நேற்றுக் காலை கோட்டையூரில் அவர்களுடைய இந்த மாவு மில்லில், மாவுத் தூசியை இழுக்க மேலே இரும்புச் சட்டத்தில் வைத்திருந்த புளோயர், போல்ட் அறுந்து அத்தா அல்லாபிச்சையின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மில்லில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் மலையாண்டி போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று தெருவே பேசியது. அடக்கம் முடிந்த கையோடு ஸ்டேஷனுக்குப் போய் அவர் பெயரில் புகார் கொடுப்பது என்று அண்ணன் அன்வர் சாதிக் முடிவு செய்துவிட்டான்.

போல்ட் ஏன் அறுந்தது என்று ரிஹானாவுக்குத் தெரியும். கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் அவளுக்கு வேலையே இதுதான். எந்த இரும்புச் சட்டமும் தட்டினால் தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில்தான் அதிரும். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டாரும் அதே வேகத்தில் சுற்றினால் போச்சு, சுற்றுக்குச் சுற்று ஆட்டம் கூடிக்கொண்டே போகும். புதுப் பம்பு எது வந்தாலும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, அந்த வேகத்தைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அவள் ஓடவே விடுவாள்.

சொந்த மில்லில் தட்டவில்லை. பக்ரீத் லீவு முடிகிற நாள், இரண்டு மணிக்கு பஸ். கரண்டும் சத்தமும் குறையட்டும் என்று டிரைவை மாட்டி, ஐம்பது ஹெர்ட்ஸில் ஓடிய புளோயரை முப்பத்தேழுக்கு இறக்கி வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முன்பெல்லாம் மோட்டாரைப் போட்டதும் சட்டம் ஒரு உதறு உதறிவிட்டு அடங்கிவிடும். அந்த உதறல் வருகிற வேகத்திலேயே நாள் முழுக்க ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பெரிய இன்ஜினியர். தட்டிப் பார்ப்பது அரை நிமிஷ வேலை.

போன வாரம் அத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் அப்படியே இருக்கிறது. "சட்டம் லேசா நடுங்குதும்மா. ஒண்ணும் அவசரமில்ல, வாரப்ப பாத்துக்க." அதற்கு அவள் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

"அதத் தொடாதீகம்மா."

மலையாண்டி கதவோரம் நின்றார். "டேப்பு பாய் ஒட்டுனது."

"எதுக்கு ஒட்டுனாக?"

"நடுக்கம் தாங்காம நாந்தான் கூட்டி வைக்கப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டாக. எம்மக படிச்சிட்டு வச்ச நம்பரு, யாரும் கை வைக்கக் கூடாதுன்னாக. அன்னைக்கே டேப்பச் சுத்திட்டாக. காலையில நான் போல்ட்ட முடுக்குவேன், சாயங்காலம் பாத்தா லூசாயிருக்கும்."

ரிஹானா திருகிலிருந்து கையை எடுத்தாள். "அண்ணங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தரையில் படிந்திருந்த மாவைப் பார்த்தார். "சொன்னா உங்க பேர்ல வருமேம்மா. பாய் இருந்தா சொல்ல விடுவாகளா?"

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்குள் அம்மா ஆரிபா வெள்ளைத் துப்பட்டியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ரிஹானா குனிந்து, "அம்மா, தப்பு மலையாண்டி மேல இல்ல" என்று ஆரம்பித்தாள்.

"இப்ப பேசாத." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத்தா நல்லபடியா போகட்டும்."

அந்த நம்பரை வைத்தது யாரென்று அம்மாவுக்கும் தெரியும் என்று அந்தப் பிடியிலேயே புரிந்தது. சரி, அம்மாவே சொல்லிவிட்டாள், பேச வேண்டாம் என்று ஒரு கணம் ரிஹானாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாகிவிட்டது.

முகம் பார்த்து முடிந்து, அத்தாவை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆண்கள் குனிந்தார்கள். மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்பக்கம் தோள் கொடுக்க வந்தார்.

"நீ ஒதுங்கு," என்றான் அன்வர். "செய்யிறதையும் செஞ்சிட்டு, தூக்க வேற வாரியா."

மலையாண்டி ஒதுங்கினார். அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, ரிஹானா ஆண்களுக்கு நடுவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, அவரத் தூக்க விடுங்க. அந்த நம்பர வச்சது நான். சட்டத்தத் தட்டிப் பாக்காம வச்சிட்டேன். அவரு மாத்தத்தான் போனாரு. அத்தாதான், நான் வச்சதுன்னு விடல."

 அன்வர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள், அடிக்கவில்லை. குனிந்து சந்தூக்கின் முன்பக்கக் காலைப் பிடித்தான். பின்பக்கம் நின்றவர் விலகி மலையாண்டிக்கு இடம் கொடுத்தார்.

பெண்கள் வாசலோடு நிற்க, சந்தூக் தெருவில் போனது. அன்வர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு பேரின் காலும் ஒரே நேரத்தில் விழ விழ, தோளின் மேல் சந்தூக் எம்பி எம்பி ஆடத் தொடங்கியது. ரிஹானா படியை விட்டு ஓரடி இறங்கினாள். அதற்குள் மலையாண்டி அரை எட்டு பிந்தி, காலை மாற்றி வைத்தார். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மூலை திரும்பும்போது அத்தா ஆடாமல் போனார்.