மடங்கிப்போன வரி

...முதல் அம்பு விழுகிற வரைக்கும்தான் எல்லோருக்கும் தயக்கம், அது விழுந்துவிட்டால் பின்னாலேயே வந்து ஆளாளுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போவார்கள், மூத்தவளுக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதானே காலையில் செல்போனில் அந்தக் கமெண்டுக்கு, பிடிக்கவில்லை என்று காட்டும் கீழம்பை அழுத்தினாள்? அம்மாவை இடப்பக்கம் புரட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவும்போதும் அதே நினைப்பு. படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களின் இணையக் குழு அது, யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, மனசில் இருப்பதைக் கொட்டலாம் என்றுதான் இவளும் சேர்ந்தாள்... கொட்டினாளே, 'சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை' என்று ஒரே ஒரு வரி, கீழம்பாக விழுந்து அது வெளுத்து மடங்கி யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விட்டது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் புத்தி வந்தது. 'அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று எழுதினாள், பிடித்திருக்கிறது என்று மேலம்புகள் குவிந்தன, இப்போது அங்கே இவள் வைத்ததுதான் சட்டம். காலையில் வந்தது யாரோ புதுசு. 'நேற்றுத் தலையணையைக் கையில் எடுத்துவிட்டேன், அம்மா என்னையே பார்த்தாள், வைத்துவிட்டேன், யாராவது பேசுங்களேன்.' பேசியிருக்கலாம்... நானும் எடுத்திருக்கிறேனடி என்று சொல்லியிருக்கலாம்... சொன்னால் சேர்த்துவைத்த பெயர் என்ன ஆவது? விரல் தானாகக் கீழம்பை அழுத்தியது, பால் காய்ச்சி இறக்குவதற்குள் அந்தக் கமெண்ட் மடங்கிவிட்டது, விரித்துப் பார்த்தால் எழுதியவளே அழித்திருந்தாள். எந்த வீட்டில், எந்தக் கட்டிலருகே நிற்கிறாளோ... பாவி, நீதானே விரட்டினாய்.

மதிய முறைக்குத் தங்கை வந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் குழுவைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான், ஆனால் அங்கே யார் எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. கை கழுவிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள் தங்கை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன... தூங்கவில்லையா அவள், நேற்று மதியமும் அவள் முறைதானே?

"அக்கா..." என்று ஆரம்பித்தாள். இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். தங்கை இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. அம்மாவைப் பாத்துக்கக் கொடுத்து வெச்சிருக்கணும், இல்ல?"

"ஆமா," என்றாள் இவள், வாய் அப்படிப் பழகிப்போயிருந்தது. மருந்துக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டது, செருப்பையும் மாட்டியாகிவிட்டது, ஆனால் அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுப் போக இவளுக்குப் பயமாக இருந்தது.