கவிழ்த்தாலும் விழாத தயிர்

“பாலுன்னா பாலுதானே மங்க, எருமை குட்த்தா இன்னா, ஆடு குட்த்தா இன்னா?”

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் தயிர்க்காரி மங்கையிடம் இப்படித்தான் கேட்டாள். அன்று சாயங்காலம் எருமை உதைத்த உதையில் ஒரு சட்டிக்கான பால் தரையோடு போயிருந்தது. விடிந்தால் உபைதுல்லா பாய் வருவார். எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மெஸ் நடத்துகிறவர். அவருக்குத் தயிர் பிடித்துவிட்டால், கூடை சுமந்து திருவொற்றியூர்த் தெருவெல்லாம் கத்தவேண்டாம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, பட்டம்மாளின் ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கடைசிச் சட்டியில் ஊற்றி உறை குத்தினாள்.

மங்கையின் தயிருக்கு ஸ்டேஷன் வாசலில் தனிப் பெயர். சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். எருமைத் தயிர் கட்டியாய் உறைந்து, சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஒரு சொட்டு விழாது. அதைப் பார்த்துக்கொண்டே கும்மிடிப்பூண்டி ரயிலைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

காலையில் ஸ்டேஷன் வாசலில் கூடையை இறக்கும்போதுதான் பார்த்தாள். ஆட்டுப்பால் சட்டி மட்டும் தளதளவென்று ஆடியது. சத்தமில்லாமல் அதை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய உபைதுல்லா பாயின் கண், முன்னால் இருந்த சட்டிகளில் நிற்கவேயில்லை.

“பின்னால இன்னாம்மா ஒளிச்சி வெச்சிக்கீற?”

“அது வேணாம் பாய். ஆட்டுப்பாலு. எளகிக்கினு கீது.”

“முப்பது வருசமா மார்க்கெட்ல கீறேன். நல்ல சரக்கப் பின்னாடி வெச்சிக்கினு ‘நல்லால்ல’ன்னு சொல்ற கத என்கிட்டயேவா? யாருக்கு எடுத்து வெச்சிக்கீற?”

“எங்கப்பன் சத்தியமா பாய், கவுத்தா கொட்டிடும்!”

மீன்கூடையோடு நின்ற மலர்க்கொடி சும்மா இருப்பாளா? “பாய்க்கு பயம்பா! தலைக்கு மேல கவுத்துப் பாக்கச் சொல்லு!”

கூட்டம் சிரித்தது. பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மங்கை கையை நீட்டித் தடுப்பதற்குள் சட்டியைத் தூக்கித் தன் தலைக்கு மேலே கவிழ்த்தார்.

தயிர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

நெற்றி, கண்ணாடி, தாடி என்று வழிந்து சட்டைக்குள் இறங்கியது. மலர்க்கொடி சிரிப்பை முந்தானையில் அடைத்தாள். மங்கைக்கோ உயிரே இல்லை. இனி ஆயுசுக்கும் கூடைதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பாய் கண்ணாடியைத் துடைத்தார். முன்வரிசையிலிருந்து ஒரு சட்டியை எடுத்தார். நிதானமாக மங்கையின் தலைக்கு நேரே கொண்டுவந்து கவிழ்த்தார். அவள் கண்களை இறுக மூடினாள்.

ஒன்றும் விழவில்லை. பாய் சட்டியைக் குலுக்கினார். அப்போதும் விழவில்லை. அடுத்ததையும் அவள் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பார்த்தார். எருமைத் தயிர் அசைந்து கொடுக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தபோது சட்டிகள் எல்லாம் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தன. நாளைத் தயிருக்காக மெஸ்ஸின் பெரிய அலுமினிய அண்டா ஒன்றை இறக்கி, அவள் முன்னால் ‘ணங்’கென்று வைத்தார் பாய். தாடியில் தொங்கிய தயிரை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.